ஸ்டெல்லாவின் ஓர் அட்டை

ஸ்டெல்லா தோற்றதற்குக் காரணம் நான். அவளுடைய நாடகமல்ல, அவளுடைய கவனக்குறைவுமல்ல. நான்!

உடனே என்னை மன்னிக்கக் கிளம்பிவிடாதீர்கள். சின்ன வயது, ஏதோ பொறாமை, போகட்டும் என்று சொல்ல உங்களுக்கு வாய் துடிக்கும். தயவுசெய்து வேண்டாம்.

எழுபதுகளின் கடைசி அது. கோலாலம்பூரில் கணினி படித்த எங்கள் வகுப்பில் தமிழ்ப்பெண்கள் இருவர்தாம், ஸ்டெல்லாவும் நானும். திரையெல்லாம் அன்று ஏது? நிரலின் ஒவ்வொரு வரியையும் ஓர் அட்டையில் துளையிட்டு, கட்டாக அடுக்கி, கணினி மையத்தின் சன்னலில் கொடுக்க வேண்டும். மறுநாள்தான் விடை அச்சாகி வரும். ஓர் அட்டை குறைந்தாலும் போயிற்று... எல்லாம் வீண்.

ஸ்டெல்லாவுக்கு வீடு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில். பகலில் வகுப்பு, மாலையில் தமிழ்ச் சங்க நாடக ஒத்திகை. அவள்தான் கதாநாயகி! நானோ விளக்கு வைப்பதற்குள் கிள்ளானில் எங்கள் வீட்டில் இருந்தாக வேண்டும். துணிக்கடை நடத்திய என் அப்பா, "படிக்க விட்டதே பெருசு" என்பார். இது என்ன நியாயம்? என் வாரம் முழுக்க வகுப்பும் பஸ்ஸும், பஸ்ஸும் வகுப்பும்! அந்த ஆத்திரத்தை அப்பாவிடம் காட்ட எனக்குத் துணிவில்லை. அதைச் சுமந்துகொண்டு ஸ்டெல்லாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பருவத்தின் பெரிய பயிற்சியை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். தவறினால் பாடமே போய்விடும். வியாழன் மாலை அவள் தன் அட்டைக் கட்டை என்னிடம் நீட்டினாள்.

"மீனா, போற வழியில கவுன்டர்ல குடுத்துடுறியா? டிராமாவுக்கு லேட்டாச்சுலா."

மையத்தின் வாசலில் ரப்பர் வளையம் அறுந்து அட்டைகள் சிதறின. அது தற்செயல், சத்தியமாக! கலைந்தால் அடுக்குவதற்கென்றே கட்டின் விளிம்பில் பென்சிலால் சாய்வாகக் கோடு போட்டிருந்தாள். அதைப் பார்த்து வரிசையாக அடுக்கியும்விட்டேன். ஒன்று மட்டும் நடைபாதையோர லோங்காங்கில், அந்தத் திறந்த சாக்கடையின் அழுக்குத் தண்ணீரில் மிதந்தது, விளிம்பில் அச்சாகியிருந்த வரி மேலே தெரியும்படி. குனிந்து படித்தேன். அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெளிவாகத் தெரியும்.

உள்ளே துளையிடும் இயந்திரங்கள் காலியாகக் கிடந்தன. அதே வரியைப் புதிய அட்டையில் அடிக்க எவ்வளவு நேரமாகும்? ஒரு நிமிடம்! எதிர் மண்டபத்தில் ஸ்டெல்லா வசனம் பேசிக்கொண்டிருந்தாள். யாரோ கைதட்டினார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஓர் அட்டை குறைந்த கட்டை அப்படியே கொடுத்துவிட்டுப் போனேன். ஓடவில்லை... மெதுவாக நடந்தேன்.

மறுநாள் அச்சுத்தாள் முழுக்கப் பிழை. மறுபடி ஓட்ட அவகாசமில்லை. நாடகக்காரிகளுக்குக் கணினி எதற்கு என்று விரிவுரையாளர் எல்லார் முன்னிலையிலும் கேட்டார். ஹாக்கி ஆடிப் பாடத்தில் தோற்ற ஆண்பிள்ளைகளிடம் என்றாவது அப்படிக் கேட்டாரா? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் எழுந்து உண்மையைச் சொன்னேனா? எரிந்ததோடு சரி!

ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவசரத்துல ஒரு கார்ட விட்டுட்டேன் மீனா. நீ பாவம், எனக்காகச் சுமந்துட்டுப் போனியே!"

அவள் அப்பா அவளை நாடகத்திலிருந்து நிறுத்தினார். அதன்பின் அவள் தன் கையையே நம்பவில்லை. ஒவ்வோர் அட்டையையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்து, எதையும் நேரத்துக்கு முடிக்க மாட்டாமல், ஆண்டு முடிவில் "எனக்கு இது சரிப்படாதுலா" என்று படிப்பையே விட்டாள். சுங்கை வே தொழிற்சாலை ஒன்றில் தட்டச்சு வேலைக்குப் போனாள். நான்? ஒரு வங்கியின் கணினிப் பிரிவுக்குத் தலைவி!

இருபத்தைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. சென்ற ஞாயிறு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகள் அனிதாவும் இப்போது கணினிதான் படிக்கிறாள். பல்கலைக்கழக நாடகத்தில் நடிக்க அவளுக்கு ஆசை, ஸ்டெல்லா விடவில்லை.

"ஆன்டி, நீங்களாவது மம்மிகிட்ட சொல்லுங்க!"

"சொல்லுவாங்க, நல்லா கேட்டுக்கோ," என்றாள் ஸ்டெல்லா. "டிராமா டிராமான்னு ஓடி, ஒரு கார்ட வைக்க மறந்து, படிப்பையே விட்டவ நான். மீனாவுக்குத் தெரியும்."

இருவரும் என் முகத்தையே பார்த்தார்கள். இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? நீங்களே சொல்லுங்கள்! அந்த அட்டையின் வரி என் நாக்கு நுனியில் நின்றது...

"அம்மா சொல்றத கேளு, அனிதா," என்றேன்.

அனிதா எழுந்து உள்ளே போய்விட்டாள். ஸ்டெல்லா என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினாள்.