ஒரு ஆணிகூட மாத்தலீங்க

மூடிக் கிடக்கும் டீ ஃபேக்டரியை மியூசியம் ஆக்கப் போகிறார்களாம். அதை ஒட்டி வரிசையாக இருக்கும் எங்கள் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகளையும் பார்க்க இன்று காலை ஒரு மேடம் கேமராவோடு வந்தார்.

வீடு எவ்வளவு மோசம் என்று காட்டினால் புது வீடு கிடைக்கும் என்று நம்பினோம். அதனால் கூரைமேல் கிடந்த தார்ப்பாயை நேற்றே இறக்கிவிட்டோம். போன வருடம் என் வீட்டுக்காரர் மாற்றிய இரண்டு தகரத்திலும் டீச்சக்கையைத் தேய்த்துப் பழசாக்கினோம்.

மேடம் அண்ணாந்து பார்த்தார். "எல்லாம் அந்தக் காலத்துல போட்ட தகரம்தானுங்களா?"

"ஆமாங்க மேடம். ஒரு ஆணிகூட மாத்தலீங்க," என்றேன், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு.

மேடத்துக்கு அப்படி ஒரு சந்தோஷம். "இவ்வளவு அசலா ஒரு லைனை நான் பார்த்ததே இல்லைங்க! இனி யாரும் எதையும் மாத்தக் கூடாது. தார்ப்பாய்கூடப் போடாதீங்க."

"அப்ப புது வீடுங்க?"

"நீங்க எதுக்குப் போகணும்? ஆளுங்க குடியிருந்தாத்தான் மியூசியத்துக்கு அழகு."

பக்கத்து வீட்டு செல்வி அக்கா என் காதோரம், "உண்மையைச் சொல்லிரு புள்ள," என்றார்.

எப்படிச் சொல்வது? யாரைக் கேட்டுத் தகரம் மாற்றினாய் என்று எஸ்டேட் ஆபீஸில் வீட்டையே காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள்.

மேடத்தின் ஜீப் வளைவு தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வீடெல்லாம் ஒழுகுகிறது. கூரையில் அந்த இரண்டு தகரமும் கழுவிவிட்டதுபோல் பளபளக்கின்றன.

நாளை அளவெடுக்க மேடம் மறுபடி வருகிறார்.

அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் இன்று சாயந்திரம் டீ வடிகட்டினால் சக்கையைக் கொட்டிவிடாதீர்கள்.