கேசினோ முதலாளிக்குக் கட்டிய கயிறு

என் கேசினோவில் கழிவறை எங்கே இருக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரிவதில்லை. ரூலெட் சக்கரம் சுழல்கிற மேசைக்குப் பக்கத்திலேயே, மஞ்சள் விளக்கெல்லாம் போட்டுப் பெரிதாகக் கட்டி வைத்திருக்கிறேன். அப்படியும் கோட்டுப் போட்ட ஒரு மனுஷன் அதன் வாசலிலேயே நின்றுகொண்டு, தலைக்கு மேல் சிவப்புக் குறி எரிய, கழிவறை இல்லை என்று புகார் சொல்வான். சுவரில் போய் முட்டிக்கொள்ளலாமா என்றிருக்கும்.

இது லேப்டாப்பில் ஆடுகிற விளையாட்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் நான் சூதாடுவதில்லை. சூதாட வருகிற பொம்மை மனிதர்களுக்கு இடம் கட்டி, கம்பளம் விரித்து, சீட்டுப் போட ஆள் வைத்து, அவர்கள் குடித்துவிட்டு வாந்தி எடுத்தால் துடைக்க ஆள் அனுப்ப வேண்டும். என் கையிலிருந்து ஒரு பைசா உள்ளே போகாது, உள்ளேயிருந்து ஒரு பைசா வெளியே வராது. கேசினோ நடத்துகிறவன் நஷ்டப்பட்டதே கிடையாது என்பார்கள். நான் பட்டேன். துடைக்கிற ஆள் எப்போது பார்த்தாலும் ஓய்வறையில் உட்கார்ந்திருப்பான், வாந்தி நடுக்கூடத்தில் கிடக்கும், அதைப் பார்த்துப் பெரிய மனிதர்களெல்லாம் வெளியேறிவிடுவார்கள்.

இப்படிப்பட்ட இழவை எதற்கு ஆட வேண்டும் என்று கேட்டால், என் வேலை அப்படி. முட்டுக்காடு தாண்டி மாமல்லபுரம் போகிற வழியில் கடலோர ரிசார்ட் ஒன்றில் ரிசப்ஷனில் இருக்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை சாரி சார், சாரி மேடம். கடல் தெரியவில்லை என்பார்கள். கடல் தெரிகிற அறைக்கு மாற்றிக் கொடுத்தால், சத்தம் அதிகமாக இருக்கிறது, கொஞ்சம் குறைக்க முடியுமா என்பார்கள். கடலை! அதற்கும் பல்லைக் காட்டிக்கொண்டு பார்க்கிறேன் சார் என்று சொல்ல வேண்டும். விளையாட்டில் அது இல்லை. ரொம்பப் புகார் சொல்கிறவன் மேல் அம்புக்குறியை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் போதும், இரண்டு காவலாளிகள் வந்து அவனை அலாக்காகத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் விடுவார்கள். அந்த ஒரு சுகத்துக்காகத்தான் ஆடினேன்.

வீடு திருப்போரூர்ப் பக்கம். நான், என் வீட்டுக்காரர், என் அம்மா, அவ்வளவுதான். அவர் சிறுசேரிக்குக் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறார். அம்மாவுக்கு வலது கண்ணில் புரை. இடது கண் முன்பே பாதிதான். இந்தக் கண்ணை இனியும் தள்ளிப்போட்டால் பார்வை திரும்புவது சந்தேகம் என்று செங்கல்பட்டில் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் அம்மா தள்ளிப்போட்டுக்கொண்டேதான் இருந்தார். ஆடி மாசம் கூடாது. அப்புறம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. அப்புறம் மழை. எப்படியோ கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்து, தேதியும் வாங்கிவிட்டேன்.

ரிசார்ட்டில் சனி ஞாயிறு கூட்டம் என்பதால் எனக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. அப்படி ஒரு செவ்வாய் மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து என் கேசினோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேர்க்கடலைக் கிண்ணத்தோடு வந்த அம்மா, மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். மற்றதெல்லாம் அவருக்கு மங்கல். பச்சை மேசை மேல் வெள்ளையாகக் கிடந்த சீட்டு மட்டும் எப்படித்தான் தெரிந்ததோ!

"இன்னாடி இது, சீட்டா?"

"ஆமாம்மா. ஆனா நான் ஆடல."

"பின்ன யாரு ஆட்றது?"

"வர்றவங்க ஆட்றாங்க."

"நீ இன்னா பண்ணிகினு கீற?"

"நான் நடத்தறேன்."

கடலைக் கிண்ணம் கட்டில் மேல் இறங்கியது. அதோடு விட்டிருந்தாலும் சமாளித்திருப்பேன். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த என் வீட்டுக்காரர், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, "பயப்படாதீங்க அத்த, அது கேசினோ. சீட்டாட்ட கிளப்பு மாதிரி. உங்க பொண்ணுதான் ஓனரு" என்றார். சொல்லிவிட்டுச் சிரிப்பு வேறு.

அம்மா சிரிக்கவில்லை. என் அப்பா மூணு சீட்டு ஆடியவர். ஓஎம்ஆர் சாலை ஓரத்தில் எங்கள் பங்குக்கு இருந்த நிலம், ஊரெல்லாம் பிளாட் போடுவதற்கு முன்பே பம்புசெட்டுக் கொட்டகையில் சீட்டுக்கட்டோடு போய்விட்டது. அப்பா போய்ச் சேர்ந்தும் வெகுகாலமாகிறது. எங்கள் வீட்டில் ஒரு சீட்டுக்கட்டு கிடையாது, கல்யாண வீட்டில் ஆண்கள் சீட்டுப் போட உட்கார்ந்தால் அம்மா சாப்பிடாமல்கூட எழுந்து வந்துவிடுவார். அவரிடம் போய் ஓனராம்.

"அம்மா, இதுல பணமே கெடையாது. எல்லாம் பொம்மப் பணம்."

"உங்க நைனாவும் மொதல்ல புளியங்கொட்ட வெச்சுதான் ஆடுனாரு" என்றார் அம்மா.

லேப்டாப்பை மூடிவைத்தேன்.

அன்று சாயங்காலமே அறிவித்துவிட்டார். கண் ஆபரேஷன் கிடையாது. நான் ஏரிக்கரை அம்மன் கோயிலுக்கு வந்து, இனிமேல் சூது தொட மாட்டேன் என்று சத்தியம் செய்து கயிறு கட்டிக்கொண்டால் செங்கல்பட்டுக்கு வருவார். இல்லையென்றால் கண் அப்படியே கிடக்கட்டும்.

எனக்கு வந்த கோபத்தில் லேப்டாப்பைத் தூக்கி ஏரியிலேயே போட்டிருப்பேன். அந்தக் கோயிலில் கயிறு கட்டிக்கொள்வது யார்? குடிகாரர்கள். பெண்டாட்டியோ அம்மாவோ இழுத்துக்கொண்டு வர, பூசாரி மஞ்சள் கயிறு கட்டி, இனிக் குடித்தால் அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று அனுப்புவார். கையில் அந்தக் கயிற்றைப் பார்த்தாலே ஊருக்குத் தெரிந்துவிடும், இது திருந்த வந்த கேஸ் என்று. செய்யாத தப்புக்கு நான் கயிறு கட்டிக்கொண்டால், செய்தேன் என்று நானே தண்டோரா போட்ட மாதிரி. இதை அம்மாவிடம் சொன்னேன். "தப்பு பண்ணலன்னா கட்டிக்கறதுக்கு இன்னா பேஜாரு?" என்றார். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவர்.

லேப்டாப்பைப் பக்கத்தில் கொண்டுபோய்த் துடைப்பக்காரனைக் காட்டினேன். இவனை வேலை வாங்குவதுதான் ஆட்டமே என்றேன். அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "சூதாடிங்க வாந்திய தொடைக்கறதுக்கா உன்ன டிகிரி படிக்க வெச்சேன்?" என்றார். என் வீட்டுக்காரர் இன்னொரு முறை உதவ வந்தார். வாயைத் திறக்கவேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

வாங்கிய தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. நான் பேசவில்லை, அம்மாவும் பேசவில்லை. நானும் அவர் மகள்தானே, வீம்பில் குறைச்சல் இல்லை. ஒரு நாள் காலை, நான் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா எனக்கு டீ ஊற்றினார். டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினார். கொதிக்கிற டீ அவர் இடது கைமேல் முழுசாக விழுந்தது. ஒரு சத்தம் இல்லை. நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, விரலை டம்ளர் விளிம்பில் வைத்துத் தடவிப் பார்த்து, மறுபடி ஊற்றினார்.

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "ஒழியுது, கயிறுதானே! வந்து தொலைக்கறேன்" என்று கத்திவிட்டு டீயைக் குடிக்காமலே பஸ்ஸுக்குப் போனேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கோயிலில் வரிசை. எனக்கு முன்னால் மூன்று ஆண்கள், ஒவ்வொருவரையும் ஒரு பெண் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னை அம்மா பிடித்துக்கொண்டு நின்றார். மணிக்கட்டை அப்படி இறுக்கிப் பிடித்திருந்தார், விரல் மரத்துப்போயிற்று. "விடும்மா, நான் எங்கயும் ஓடிட மாட்டேன்" என்றேன். விடவில்லை.

எங்கள் முறை வந்ததும் பூசாரி எங்கள் பின்னால் யாராவது ஆம்பிளை இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தார்.

"கயிறு யாருக்கும்மா?"

"தோ, இவளுக்குத்தான்."

பூசாரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "எத்தினி வருசமா குடிக்குது?"

"ஐயோ, குடி இல்லீங்க" என்றேன்.

"சூது" என்றார் அம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி.

"போன்ல ரம்மியா?"

"ரம்மி இல்லீங்க. கேசினோ..." என்று ஆரம்பித்து, இதை எங்கே முடிப்பது என்று தெரியாமல் நிறுத்தினேன். அதற்குள் கயிறு கட்டி முடித்து விபூதி பூசிக்கொண்டிருந்த ஒருவர் திரும்பினார். "கேசினோவா? கோவாலயாக்கா? நெஜமாவா?" என்றார், அவ்வளவு மரியாதையாக. அவர் மனைவி அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

சத்தியத்தில் என்னென்ன சேர்க்க வேண்டும் என்று பூசாரி கேட்க, அம்மா சொல்லிக்கொண்டே போனார். சீட்டு, சூது, போனில் ஆடுவது, பொட்டியில் ஆடுவது, ஆடுகிறவர்களுக்கு இடம் கொடுப்பது. கடைசியில் சொன்னதைக் கேட்டுப் பூசாரியே அசந்துவிட்டார். ஒன்று விடாமல் நான் திருப்பிச் சொன்னேன். கற்பூரம் அடித்தேன். கயிறு கட்டி முடிக்கும்வரை அம்மா என் கையை விடவே இல்லை, பூசாரி அவர் விரல்களை ஒதுக்கித்தான் முடிச்சுப் போட்டார்.

வெளியே வந்து ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். உடைத்த தேங்காய்மூடி மடியில். "இப்போ திருப்தியா?" என்று கேட்டேன். இடக்காகத்தான் கேட்டேன்.

அம்மா தண்ணீர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீ பொறந்தப்போ பெரிய கஷ்டமா போச்சு. கத்தி வெக்கணும், வூட்டுக்காரரு கையெழுத்து வோணும்னு நர்சம்மா வெளிய வந்து என் பேரச் சொல்லி கூப்ட்டாங்க. உள்ள எனக்கு நல்லா கேக்குது. கூட வந்தவங்க யாரு, கூட வந்தவங்க யாருன்னு கூப்ட்டுகினே கீறாங்க. ஒர்த்தரும் வர்ல. டீ குட்ச்சுட்டு வர்றேன்னு போன உங்க நைனா, ஆட்டத்துல குந்திகினு கீறாரு. அப்பால யாரோ வழில போன பெரியவரு வந்து ரேகை வெச்சாரு."

எனக்கு இது தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"இப்பவும் கண்ண மூடிகினு அங்க படுத்துகினு கெடப்பேன்" என்றார். "வெளிய நீ கீறியா இல்லியான்னு எனக்கு எப்படிடி தெரியும்?"

ஆடியும் காதுகுத்தும் மழையும் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. தேங்காயைக் கீறி ஒரு துண்டு கையில் கொடுத்தேன். அம்மா வாங்கிக்கொண்டார்.

என் கேசினோவை அன்றைக்கே மூடியிருப்பேன். என் வீட்டுக்காரர் விடவில்லை. தான் கயிறு கட்டிக்கொள்ளவில்லையே என்று அவர் முதலாளி ஆகிவிட்டார். வந்தவனுக்கெல்லாம் சரக்கு இலவசம், துடைக்கிறவனுக்குச் சம்பள உயர்வு. இரண்டே நாளில் திவால். சத்தியம் செய்த நான் பக்கத்தில் உட்கார்ந்து யோசனைகூடச் சொல்ல முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஆடுவதைப் பற்றி அம்மாவுக்குக் கவலையே இல்லை. "மாப்ள ஆடுனா அத அவுங்கம்மா பாத்துக்குவாங்கோ" என்று முடித்துவிட்டார்.

குறித்த நாளில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் வீட்டுக்காரர் வேனை நிறுத்தப் போனார். அம்மாவுக்குப் பச்சை உடுப்பும் தலைக்கு ஒரு பையும் மாட்டி உள்ளே கூட்டிப்போனார்கள். நான் கதவுக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தேன். என் கைக் கயிற்றைப் பக்கத்தில் இருந்த அம்மாள் பார்த்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். காப்பி சாப்பிட்டு வருகிறாயா என்று என் வீட்டுக்காரர் வந்து கேட்டார். வேண்டாம் என்றேன். தண்ணீர்? வேண்டாம். இடத்தை விட்டு எழுந்திருப்பதாக இல்லை. அதற்கும் சிரித்தார் மனுஷன்.

கதவு திறந்து நர்ஸ் பாதி உடம்பை வெளியே நீட்டி, அம்மாவின் பேரைச் சொன்னார். "கூட வந்தவங்க யாரு?"

"நான் இருக்கேன்!" என்றேன்.

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் முகத்தைச் சுளித்து, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, எதற்கு இப்படிக் கத்துகிறீர்கள் என்றார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. திறந்திருந்த கதவைப் பார்த்து இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகச் சொன்னேன்.