காக்கை வரும் திசை

வாசல் நிறைய அவித்த நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு மணிமேல் இன்னொன்று ஏறாதபடி அண்ணி காலால் துழாவிப் பரப்பியிருந்தார். மன்னார்குடிக் கல்லூரியில் கேட்டதை அன்றைக்கே யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. விரலால் நெல்லில் ஒரு வட்டம் கீறினேன். "அண்ணி, இதுதான் உலகம்னு வைங்க. இதுல இருக்கறவனுக்கு முன்ன, பின்ன, பக்கவாட்டுல போகத் தெரியும். மேலேன்னு ஒரு திசையே கிடையாது. இந்த வட்டம் அவனுக்கு ஜெயிலு. நாம கோட்டைத் தொடாமலே அவனைத் தூக்கிடலாம். அதே மாதிரி நமக்கும் தெரியாத நாலாவது திசை ஒண்ணு இருந்தா, பூட்டின பெட்டிக்குள்ள இருக்கறதும் அங்கேருந்து பளிச்சுனு தெரியும்." குச்சியோடு காவல் இருந்த அண்ணி சிரித்தார். "அப்ப காக்கா கொத்துனாலும், எங்கேருந்து வந்துச்சுன்னு நெல்லுக்குத் தெரியாதாக்கும்!"

ஆட்சி மாறியிருந்தது, கொடிக்கம்பங்கள் மாறியிருந்தன, கூலி மாறவில்லை. அறுப்புக்கு வெளியாட்களை இறக்கக் கூடாதென்று மிராசுதாரை மறித்து முதல் ஆளாக நின்றவர் என் அண்ணன். அவர்தான் அப்போது வரப்பில் ஓடி வந்தார். தூரத்தில் தடிகளோடு ஆட்கள். வாசல் தென்னையைக் கட்டிப்பிடித்து, காலுக்குக் கயிறுகூடப் போடாமல் ஏறி, மட்டைகளுக்குள் மறைந்தார். அண்ணாந்தபடி நின்ற என் தாடையை அண்ணி பிடித்துக் கீழே இழுத்தார். "தம்பி, நீ இப்ப நெல்லுக்குள்ள இருக்கற ஆளு. மேலேன்னு ஒரு திசையே கிடையாது."

"எங்கடி அவன்?" என்றபடி வந்தார் மிராசுதாரின் காரியக்காரர். "குதுருக்குள்ள இல்லேன்னு சொல்லப்போறியா?" ஆட்கள் சிரித்தார்கள். உள்ளே மண்குதிர் உடைந்தது. வைக்கோல்போரைக் குத்திப் பார்த்தார்கள். அந்த நேரம், நான் கீறிய வட்டத்துக்குள், காரியக்காரரின் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி, ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது. மரம் அண்ணனின் நெஞ்சைக் கிழித்திருக்க வேண்டும். என் கழுத்து தானாக உயரப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தரையையே பார்த்தேன். அண்ணி வழக்கம்போல நெல்லுக்குள் காலை விட்டுத் துழாவினார். சொட்டும் வட்டமும் புரண்டு மறைந்தன. "காலை எடுங்கய்யா, சோத்து நெல்லு." காரியக்காரர் நகர்ந்து நின்றார். பிறகு ஆற்றங்கரைப் பக்கம் கையைக் காட்டி ஆட்களை ஓட்டிக்கொண்டு போனார். அவர்கள் போன பிறகும் வெகுநேரம் நாங்கள் மேலே பார்க்கவில்லை.

இப்போதும் சாலையோரம் நெல் காய்வதைக் கண்டால் வண்டியை நிறுத்திவிடுகிறேன். கூட வருபவர்களுக்கு வட்டம் கீறி, நாலாவது திசையை விளக்கத் தொடங்கிவிடுவேன். 'இப்போது மேலே பாருங்கள்' என்று சொல்லும் இடத்தில் கை உயர்ந்துவிடும். கழுத்துதான் மறுக்கிறது.