ஃபார்மட் பண்ண விடமாட்டேன்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு லினக்ஸ் எதற்கு என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். கேட்கட்டும். ஒரகடத்தில் மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, பெண்கள் ஹாஸ்டலுக்கு எதிரில் என் போட்டோ கடை. பிரின்ட் போட வருகிறவர்கள் பென் டிரைவில் வைரஸையும் சேர்த்துக் கொண்டுவருவார்கள். கம்ப்யூட்டர் மாதம் ஒருமுறை படுத்துக்கொள்ளும். மாடி ரூமில் குடியிருந்த ஒரு இன்ஜினியர் பெண் அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தாள். பிறகு வேறு வேலை கிடைத்து ரூமைக் காலி பண்ணிப் போய்விட்டாள். மூன்று வருஷமாக அது ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. படுத்துவிடுமோ என்று நான்தான் தினமும் பயந்துகொண்டிருந்தேன்.

நான் அப்படித்தான். ஷட்டரைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை போவேன், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். கேமராவில் கார்டு போடுகிற இடத்தில் ஒரு ஊசி வளைந்துவிட்டது, இனி கார்டை எடுத்தால் அவ்வளவுதான் என்று ரிப்பேர்காரர் சொன்னார். அன்றைக்கே மூடி மேல் டேப் சுற்றிவிட்டேன். அதற்குப் பிறகு போட்டோ வெளியே வர ஒரே வழி ஒயர்தான். கேமராவைச் செருகினால் கம்ப்யூட்டர் தானாகவே கண்டுபிடித்து ஒரு ஜன்னலைத் திறக்கும்.

அந்தத் திங்கட்கிழமை திறக்கவில்லை.

காலை ஏழு மணிக்குப் பதினோரு பெண்களைப் படம் எடுத்திருந்தேன். தெற்கே விருதுநகர், ராமநாதபுரம் பக்கத்திலிருந்து முந்தின நாள்தான் வந்து இறங்கியிருந்தார்கள். கம்பெனி கேட் பாஸுக்கான போட்டோ.

"யக்கா, எனக்குக் கண்ணு மூடிருச்சு. இன்னொன்னு எடுங்கக்கா."

"மூடலடி. உனக்குத் தொறந்தாலே அம்புட்டுத்தான்," என்றாள் வரிசையில் நின்ற இன்னொருத்தி.

சிரித்துக்கொண்டே கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போனார்கள். போனதும் ட்ரெயினிங் ஹாலில் உட்கார வைத்துவிடுவார்கள். போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், அதனால் உள்ளே யாரும் திரும்பப் படம் எடுக்க முடியாது. ஒரு மணிக்குள் பதினோரு போட்டோவும் பாஸ் அடிக்கிற ஆபீஸுக்குப் போயாக வேண்டும். இல்லையென்றால் அடுத்த பேட்ச்சோடு வா என்று அனுப்பிவிடுவார்கள். அடுத்த பேட்ச் ஒரு மாதம் கழித்து. அதுவரைக்கும் ஹாஸ்டலில் யார் வைத்துக்கொள்வார்கள்? ஊருக்குத்தான் போக வேண்டும். போன பெண்களில் எத்தனை பேரை வீட்டில் திரும்ப விடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஒன்பது மணிக்குச் செருகினேன். கேமராவின் திரை அணைந்தது. கம்ப்யூட்டர் சும்மா இருந்தது. உருவி வேறு ஓட்டையில் செருகினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். கேமரா பேட்டரியை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. மணி பத்தரை.

பதினோரு மணிக்கு, பெண்களைக் கம்பெனியில் சேர்த்துவிடுகிற கான்ட்ராக்டரின் ஆள் பைக்கில் வந்து நின்றான். பின்னால் தெருமுனைக் கம்ப்யூட்டர் சர்வீஸ்காரரையும் உட்கார வைத்துக் கூட்டி வந்திருந்தான்.

"இன்னாக்கா, இன்னும் ஆவலியா? ஆபீஸ்ல கத்திகினு கீறாங்கோ."

"கேமராவக் கண்டுபிடிக்க மாட்டேங்குதுப்பா."

சர்வீஸ்காரர் ஒயரைச் செருகிப் பார்த்தார். "ஸ்க்ரீன் ஆஃப் ஆவுது பாரும்மா. அப்போ கேமராவும் ஓகே, ஒயரும் ஓகே. உன் லினக்ஸுதான் சரியில்ல. ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் ஏத்திடலாம். ஒரு மணி நேரத்து வேல."

"உள்ள இருக்கற போட்டோ எல்லாம்?"

"போவும். புச்சா ஆரம்பிச்சுக்கோ."

எட்டு வருஷம் அதில் இருந்தது. வல்லக்கோட்டை முருகன் கோயிலில் எடுத்த கல்யாணங்கள், காதுகுத்துகள். செத்துப்போன பிறகு சுவரில் மாட்டப் பெரிசாக்கிய முகங்கள். பாஸைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டு வருகிற பெண்களின் பழைய படங்கள். போவும் என்று அவர் டீ கிளாஸைக் கீழே வைக்கிற மாதிரி சொன்னார்.

"அதுல கை வெக்காதீங்க," என்றேன்.

"அப்போ பதினோரு பொண்ணுங்களுக்கும் நீயே பதில் சொல்லு," என்றான் கான்ட்ராக்டரின் ஆள்.

"சொல்றேன். தள்ளுங்க."

"எட்டாங்கிளாஸுக்கு இன்னா ரோஷம் பாரு," என்று சர்வீஸ்காரர் சிரித்தார்.

கீபோர்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

கடை வைப்பதற்கு முன்னால் ஏழு வருஷம், காருக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் லைனில் நின்றவள் நான். அங்கே சரியான பீஸ் ஒன்றை டேபிளுக்கு மேல் மாட்டி வைத்திருப்பார்கள். சந்தேகம் வந்தால் யோசிக்கக் கூடாது, அதோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பயந்தாங்கொள்ளிக்கு ஏற்ற வேலை. அதே பழக்கத்தில், கேமரா ஒழுங்காக வேலை செய்த ஒரு நாள், கம்ப்யூட்டர் தனக்குள் எழுதிக்கொள்கிற குறிப்பை வரவழைத்து, எழுத்து எழுத்தாகப் பார்த்து நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்தக் கட்டளை மாடிப் பெண் காட்டிக் கொடுத்தது. எழுதியதில் பாதிக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. ஒத்துப் பார்க்க அர்த்தம் தேவையில்லை.

அதே கட்டளையை அடித்தேன். நோட்டை மடியில் வைத்து, வரிக்கு வரி விரலை நகர்த்தினேன். நோட்டில் 'ஹை ஸ்பீடு' என்று இருந்த இடத்தில் திரையில் 'லோ ஸ்பீடு' என்று இருந்தது. அதற்குக் கீழே எர்ரர், எர்ரர், எர்ரர்.

அப்படியானால் கம்ப்யூட்டர் கேமராவைப் பார்க்காமல் இல்லை. ஏதோ ஒன்று வந்திருக்கிறது, அது பேசுவதுதான் புரியவில்லை என்கிறது. நடுவில் என்ன மாறியது?

என்ன மாறியது என்று காலையிலிருந்தே எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கேமரா ஒயர் நைந்து அறுந்துவிட்டது. அந்தப் பழைய மாடல் முனை இப்போது எந்தக் கடையிலும் இல்லை, எல்லாம் மொபைல் ஒயர்தான். பழைய சாமான் பெட்டியில் கிடந்த இன்னொரு ஒயரின் பாதியை வெட்டி நானே ஒட்டுப் போட்டேன். ஒரு பாதியில் சிவப்பு, கருப்பு, வெள்ளை, பச்சை. மறு பாதியில் சிவப்பு, கருப்பு, மஞ்சள், நீலம். லைனில் டிராயிங் பார்க்காமல் ஒரு ஒயரை இணைத்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவார்கள். நான் இணைத்தேன். வெளிர் நிறத்துக்கு வெளிர் நிறம் என்று வெள்ளையை மஞ்சளோடும், பச்சையை நீலத்தோடும் முறுக்கிக் கட்டினேன். ஏழு வருஷம் ரிஜெக்ட் வாங்காத கை என்கிற திமிர். அப்புறம் பயம் வந்து, ஒவ்வொரு ஒட்டிலும் பஸ்ஸர் வைத்துப் பத்துத் தடவை பார்த்தேன். பத்துத் தடவையும் கத்தியது. ஒட்டு பிடித்திருக்கிறதா என்றுதான் பஸ்ஸர் சொல்லும், ஜோடி சரியா என்று சொல்லாது. ஏதாவது புகைந்துவிடுமோ என்ற பயத்தில் கேமராவில் செருகிப் பார்க்கவே இல்லை.

"ஒயர்லதான் தப்பு," என்றேன். "நான் போட்ட ஒட்டு."

சர்வீஸ்காரர் என்னையே பார்த்தார். "அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா?"

"சொல்லல. தப்பு என்னுது. அதுக்கு என் கம்ப்யூட்டர அழிப்பீங்களா?"

பிளேடை எடுத்து ஒட்டின் மேல் சுற்றியிருந்த டேப்பைக் கிழித்தேன். கரன்ட் போகிற சிவப்பையும் கருப்பையும் தொடவில்லை. மற்ற இரண்டையும் பிரித்து இடம் மாற்றி, வெள்ளையை நீலத்தோடும் பச்சையை மஞ்சளோடும் முறுக்கினேன். அவசரத்தில் ஒயரின் நரம்பு ஒன்று ஒடிந்தது, மறுபடி சீவினேன். கான்ட்ராக்டரின் ஆள் இரண்டு தடவை வாட்ச்சைப் பார்த்து, இரண்டு தடவையும் மணியை உரக்கச் சொன்னான்.

பன்னிரண்டு இருபதுக்குக் கேமராவைச் செருகினேன். திரை அணைந்தது. அது காலையிலும்தான் அணைந்தது. கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜன்னல் திறந்தது. பதினோரு முகங்களும் வரிசையாக வந்து நின்றன.

ஒவ்வொன்றாக வெட்டி, பெயர் போட்டு அனுப்பினேன். ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, வந்துவிட்டது என்று ஆபீஸிலிருந்து அவனுக்குப் போன் வந்தது.

"இந்த வாட்டி ஆச்சு," என்றான் அவன். "இந்தக் கம்ப்யூட்டர நம்பி இனிமே பொண்ணுங்கள அனுப்ப முடியாதுக்கா. விண்டோஸுக்கு மாறிக்கோ, இல்லாங்காட்டி வேற கட பாத்துக்கறேன்."

"பாத்துக்கோ. ஆனா தப்பு பண்ணது நான், கண்டுபிடிச்சதும் நான். வேற கடையில தப்பு பண்ணா ஒத்துக்குவாங்களான்னு கேட்டுட்டுக் கூட்டிட்டுப் போ. ஃபார்மட்டுன்னு மட்டும் இந்தக் கடையில வந்து பேசாத."

சர்வீஸ்காரர்தான் சிரித்தார். இந்தத் தடவை சிரித்தது என்னைப் பார்த்து இல்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்கியபோது வாசலில் ஒன்பது பெண்கள் நின்றிருந்தார்கள். கான்ட்ராக்டரின் ஆள்தான் அனுப்பியிருந்தான். முதலில் கேமராவை ஒயரில் செருகி, ஜன்னல் திறக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். பிறகு ஒவ்வொருத்தியாக உட்கார வைத்து, தலையை நிமிர்த்தச் சொன்னேன்.