சேவியர் கத்தாமல் போன மதியம்

ராணுவ மருத்துவராகச் சேரப்போகிற சிலர், களப் பயிற்சி எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். போன மே மாதம், சரியாக அக்னி நட்சத்திரத்தில், ஆவடிக்கு அப்பால் ஒரு பொட்டல்வெளியில் அதை முடித்தேன். ஒரே வார்த்தையில் சொன்னால், அலுப்பு. இதை எழுதும்போதும் முதுகு வலிக்கிறது.

எனக்குக் கரூர். அயனம்பாக்கத்தில் அக்கா வீட்டில் தங்கி, விடிவதற்கு முன் ஆட்டோ பிடித்தேன். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், முந்நூறு ரூபாய். என் பூட்ஸையும் இரும்புப் பெட்டியையும் பார்த்த ஓட்டுநர், "இன்னாம்மா, பட்டாளத்துக்கா?" என்றார். டாக்டர் என்றேன். "அப்போ ஏசி ரூம்ல குந்திகினு ஊசி போடுற வேலதான். ஜாலி!" நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், என் புத்தியை என்ன சொல்ல.

காலை ஐந்தரைக்கு ஓட்டம். பிறகு கூடாரம் அடிப்பது, பிரிப்பது, ஸ்ட்ரெச்சர் தூக்கிக்கொண்டு முள்காட்டில் நடப்பது. கழுத்து வேர்வையில் மண் ஒட்டி அரிக்கும். சொறியக் கை ஒழியாது.

முக்கியமான பாடம் போலிக் காயம். சிப்பாய்கள் சிலர் அடிபட்டவர்களாக ஆங்காங்கே படுத்துக்கொள்வார்கள். என்ன காயம் என்று நெஞ்சில் ஓர் அட்டை தொங்கும். நாம் அவர்களை மறைவுக்கு இழுத்துப்போய்க் கட்டுப்போட்டு அனுப்ப வேண்டும். நிஜம்போல் இருக்கவேண்டும் என்பதற்காக அவர்கள் கத்துவார்கள், நாமும் கத்த வேண்டும். மேஜர் ஒருவர் நின்று மதிப்பெண் போடுவார். யாருக்காவது உண்மையிலேயே ஏதாவது ஆகிவிட்டால் மூன்று முறை விசில் ஊதவேண்டும், எல்லாம் நின்றுவிடும் என்று முதல் நாளே சொன்னார்கள். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சிரித்தோம்.

என் பங்குக்கு வந்தவர் சேவியர். சென்னீர்குப்பத்துக்காரர், சிப்பாய். அவர் அட்டையில் எப்போதும் வலது கால் முறிவு. "ஐயோ மாதாவே!" என்று ஆரம்பித்தால் ஓயமாட்டார். நான் வேறு ஆளைப் பார்த்தால் பொறுக்காது. "மேடம், தொண்ட கிழிய கத்திக்கினே கீறேன், கண்டுக்கவே மாட்றீங்களே!" சோற்றுத் தட்டோடு வரிசையில் நிற்கும்போதும் அதே வாய்தான். தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு அவருக்கு வைத்தியம் பார்த்தேன்.

பயிற்சி முடிய நான்கு நாள் இருந்தபோது, ஒரு மதியம். ரத்தம் போகிறவர்களை முதலில் பார்க்க வேண்டும், கால் முறிவு காத்திருக்கும். அதனால் சேவியரைப் புதர்ப் பக்கம் விட்டுவிட்டு மற்ற இருவருக்குக் கட்டுப்போட்டேன். அவர் சத்தம் நின்றது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. அடுத்த முடிச்சைப் போடும்போதுதான் உறைத்தது, இந்த ஆள் வாயை மூடமாட்டாரே.

ஓடிப்போய்ப் பார்த்தால் கண் பாதி மூடிக்கிடக்கிறது. ஹெல்மெட்டைக் கழற்றினேன். நெற்றி அடுப்புக்கல்லாகக் கொதித்தது. "சேவியர், எங்கே இருக்கீங்க?" என்று கேட்டேன். "அண்ணி… ஊட்டாண்ட தண்ணி லாரி வந்துட்சி" என்று குழறினார். சூரிய வெப்பம் மூளையைத் தாக்கியிருந்தது. கொஞ்சம் தாமதித்தாலும் ஆள் மிஞ்சமாட்டார்.

"சார், இது நிஜம்!" என்று கத்தினேன். மேஜர் தூரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்தினார். "வெரி குட் டாக்டர், அப்படித்தான் இருக்கணும். கண்டினியூ!" என்றார். நான்கு பக்கமும் எல்லோரும் என்னைப் போலவேதான் கத்திக்கொண்டிருந்தார்கள். விசிலை வாயில் வைத்தால் உதடு உலர்ந்து காற்றுதான் வந்தது. சேவியரின் பாட்டில் தண்ணீரில் வாயை நனைத்துக்கொண்டு ஊதினேன். மூன்று முறை.

மைதானமே கப்சிப். மேஜர்தான் முதலில் ஓடிவந்தார். சட்டையைக் கிழித்து, கேன் கேனாகத் தண்ணீர் ஊற்றினோம். காயம்பட்டு "செத்துக்கிடந்தவர்கள்" எல்லாம் எழுந்துவந்து அட்டைகளாலேயே விசிறினார்கள். உடம்பு தணிந்த பிறகே ஆம்புலன்ஸில் ஏற்றினோம். கதவு மூடும்போது கண் திறந்து, "மேடம், காலுக்குக் கட்டு போட்லியா?" என்றார். அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

இனி வரப்போகிறவர்களுக்கு: பூட்ஸை ஒரு மாதம் முன்பே போட்டுப் பழகுங்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் நிறைய வாங்கிக்கொள்ளுங்கள். விசிலைக் கூடாரத்தில் விடாதீர்கள். அட்டையைப் படித்துவிட்டு முகத்தையும் பாருங்கள். தூக்கத்தை மறந்துவிடுங்கள்.

பயிற்சி முடிந்து நாங்கள் பெட்டி கட்டிய அன்று சேவியர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தார். இன்னும் ஒரு வாரம் நிழலில்தான் இருக்க வேண்டும். கூடார வாசலில் உட்கார்ந்து, என் பெட்டியை ஜீப்பில் ஏற்றிய பையன்களை, "டேய், பாத்துடா! மேடம் பொட்டிடா!" என்று விடாமல் விரட்டிக்கொண்டிருந்தார். என் தலை விண்விண் என்று தெறித்தது.

"சத்தம் ஜாஸ்தியா கீதுங்களா, மேடம்? நிறுத்திக்கவா?" என்றார்.

"வேண்டாம் சேவியர், கத்துங்க" என்றேன்.