ராணிக்கு வாங்கிய தோட்டா

கேகாலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலுசாமி குதிரைக்காரர். துரைமார் வருவார்கள், போவார்கள். ராணி என்ற செந்நிறக் குதிரை மட்டும் குட்டியிலிருந்து அவர் கையிலேயே வளர்ந்தது. பழைய துரை சுட்டுப் போட்ட வெற்றுத் தோட்டா ஒன்றை வேட்டி முனையில் முடிந்து வைத்திருந்தார். அதன் வாயில் உதட்டை வைத்து ஊதினால் சீட்டி எழும். எந்த மேட்டில் மேய்ந்தாலும் ராணி ஓடி வந்துவிடும்.

"நான் கூப்பிட்டு நீங்க இப்படி ஓடி வந்ததுண்டா?" என்று மனைவி சுப்பம்மா கேலி பண்ணுவாள்.

1927 மழையில் தண்ணீர் வடிய வெட்டிய கான் ஓரம் சறுக்கி விழுந்து ராணியின் முன்கால் முறிந்தது. எலும்பு வெளியே தெரிந்தது. சுடுவதைத் தவிர வழியில்லை. புதுத் துரையின் பெரிய துப்பாக்கி பழுது பார்க்கக் கொழும்புக்குப் போயிருந்தது. கைத்துப்பாக்கிக்குத் தோட்டா இல்லை. துரை லைசன்ஸை நீட்டி, "முப்பத்தெட்டு. சுருக்கா போய் வா," என்றார்.

ராணியின் வலி சீக்கிரம் தீர வேண்டும், வேலுசாமிக்கு வேறு நினைப்பில்லை. டவுன் வரைக்கும் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

கடைக்காரர் அப்துல் ரஸாக் லைசன்ஸைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "முப்பத்தெட்டுன்னு மட்டும் போட்டிருக்கு. அதுலயே கட்டை இருக்கு, நெட்டை இருக்கு. ஒண்ணோடது மத்ததுல போகாது. எது வேணும்?"

இந்த எண்ணை வைத்த மகராசன்களை என்ன சொல்வது? குண்டின் குறுக்களவு என்பார்கள். அளந்து பார்த்தால் அதுவும் சரியாக இராது. தோட்டாவின் நீளத்தைப் பற்றி எண் வாயே திறக்காது. எண்ணுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் கம்பெனிப் பெயரில்தான் எல்லாம் இருக்கிறது. லைசன்ஸில் அது இல்லை.

தோட்டத்திலிருந்து எது வாங்கப் போனாலும் மாதிரி கொண்டுபோவதுதான் வழக்கம். ஆணிக்கு ஆணி, லாடத்துக்கு லாடம். வேலுசாமி தன் சீட்டியை அவிழ்த்து வைத்தார். "இது மாதிரிதாங்க மொதலாளி."

அதன் அடியிலும் 38 என்று பொறித்திருந்தது. முதலாளி பக்கத்தில் வைத்துப் பார்த்து நெட்டைத் தோட்டாவைக் கொடுத்தார். பழைய துரையின் துப்பாக்கி வேறு, புதுத் துரையின் துப்பாக்கி வேறு என்பது அந்த அவசரத்தில் வேலுசாமிக்குத் தோன்றவே இல்லை. பாவம், எப்படித் தோன்றும்?

பொழுது சாயும்போது வந்து சேர்ந்தார். ராணி விழுந்த இடத்திலேயே கிடந்தது. துரை தோட்டாவைப் போட்டார். பாதி உள்ளே போய் நின்றுவிட்டது. அழுத்தினார். உருளையைச் சுற்றி அடுத்த துளையில் வைத்துப் பார்த்தார்.

"இது என் துப்பாக்கிக்கு இல்ல, வேலு," என்றார். திட்டக்கூட இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் துப்பாக்கி கேட்க ஆள் அனுப்பிவிட்டு பங்களாவுக்குப் போய்விட்டார்.

வேலுசாமி சேற்றில் உட்கார்ந்து ராணியின் கழுத்தைத் தடவினார். "இன்னும் கொஞ்ச நேரந்தான் தாயி," என்றார். அது திரும்பிப் பார்க்கவில்லை. பழகின சத்தம் கேட்டாலாவது அதற்குத் தெம்பாக இருக்கும் என்று நினைத்தார். வெற்றுத் தோட்டாவை எடுத்து மெதுவாக ஊதினார்.

ராணியின் காது நிமிர்ந்தது. முறிந்த காலை ஊன்றி, அவரிடம் வர எழுந்திருக்கப் பார்த்தது.