மொட்டைத் தலையும் இருபத்தொரு நாளும்

சச்சிதானந்தனைப் போன்ற பொறுமைசாலியை நான் மெல்பேர்னில் கண்டதில்லை. அந்தப் பொறுமைதான் எனக்கு எரிச்சல். நாலு வருடமாக ட்ருகனினாவில் ஒரு செயலி நிறுவனத்துக்காகக் காரில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார். ஒருவரோடும் முகம் கோணியதில்லை.

அவருடைய அப்பா இறந்தபோது, மூத்த மகன் என்பதால் தலையும் மீசையும் மழித்துக் கொள்ளி வைத்தார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு மறுநாள் வேலைக்குப் போனார். செயலி வழக்கம்போல முகத்தைக் காட்டச் சொன்னது. மூன்று தடவை காட்டியும் இவரை ஏற்கவில்லை. கணக்கை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார் என்று சொல்லி, நிறுவனம் அன்று பின்னேரமே அதை மூடிவிட்டது. விளக்கம் எழுதினார். அதே பதில்தான் திரும்பவும் வந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது அவர் அப்பா இறந்த முப்பதாம் நாள், மறுநாள் நடக்கும் அந்தியேட்டிச் சடங்கின் சமையலுக்கு மரக்கறி இறக்க அவர் வீட்டுக்குப் போன இடத்தில். நானும் அதே வேலை செய்கிறவன். சட்டம் மாறியது தெரியும். ஆறு மாதமாவது ஒழுங்காக வேலை செய்தவரின் கணக்கை நியாயமில்லாமல் மூடினால், அவர் வேலைத் தகராறுகளை விசாரிக்கும் ஃபெயார் வேர்க் கமிஷனிடம் முறையிடலாம். ஆனால் இருபத்தொரு நாளுக்குள். கணக்கை மூடிய நாளிலிருந்து விரல் விட்டு எண்ணினேன். கடைசி நாள் இன்றைக்குத்தான்.

“அண்ணை, இண்டைக்கே எழுதவேணும்.”

“நாளைக்கு அந்தியேட்டி முடியட்டும், வாசு. பிறகு பாப்பம்.”

“நாளைக்கே பிந்திப்போகும்! பிறகு ஆரிட்டப் போய் நிக்கப் போறீங்கள்?”

சாவுத் துடக்குள்ள வீடு என்பதையும் மறந்து கத்திவிட்டேன். குசினியிலிருந்து அவர் மனைவி இராஜேஸ்வரி கை துடைத்தபடி வந்து, அவருடைய போனை எடுத்து நீட்டினார்.

“வாசு சொல்லுறது சரி. எழுதுங்கோ.”

தலை மழித்ததற்கு ஆதாரம் வேண்டுமே. கனடாவில் இருக்கும் தங்கைக்காகச் செத்தவீட்டை வீடியோ எடுத்திருந்தார்கள். சச்சி அதை இதுவரை திறந்ததே இல்லை. இப்போது திறந்தார். நான் நிறுத்திய இடத்தில் அவருடைய பாதி மழித்த தலை, பக்கத்தில் பெட்டிக்குள் அப்பாவின் முகம். படத்திலிருந்து அப்பாவை வெட்டிவிடவா என்று கேட்டேன்.

“வேண்டாம். ஆருக்காக மழிச்சனான் எண்டு அவங்களும் பாக்கட்டும்.”

நாலரை மணிக்கு விண்ணப்பம் போனது.

ஏழு கிழமைக்குப் பிறகு நிறுவனம் கணக்கைத் திறந்துவிட்டது. வருந்துகிறோம் என்று ஒரு சொல் இல்லை. நான் பக்கத்தில் இருக்க, சச்சி காருக்குள் போனைத் தூக்கி முகத்தைக் காட்டினார். தலைமயிரும் மீசையும் வளர்ந்திருந்தன. முதல் தடவையிலேயே போன் ஏற்றுக்கொண்டது.

“பாத்தியே வாசு, ஒண்டும் நடக்காத மாதிரி…” என்றார்.

செத்தவீட்டில் அழாத மனிதர், ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார்.